கடல் பக்கம்

"கடல் பக்கம் ரூம் இருக்கான்னு போன்ல கேட்டேன், இருக்குன்னாங்க. நான் என்னக்கா பண்றது?" என்றான் தையல்காரன்.

லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய், அதன்மேல் ஒரு காக்கை. அலைச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"கடலுக்குப் பக்கத்துலன்னு சொல்லியிருக்காங்கடா, மக்கு! கடலைப் பாத்த ரூமான்னு கேக்க வேண்டாமா? துணிக்கு அளவெடுக்கறவனுக்குக் கேள்வியை அளந்து கேக்கத் தெரியல பாரு!" என்று அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனைக் குடைந்தது. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அம்மா போன பிறகு ஊராருடைய துணிக்கெல்லாம் இஸ்திரி போட்டு அவனை ஆளாக்கியவள். முப்பது வருஷம் நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஐம்பத்தாறு வயதில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும். நேற்று பாழாய்ப்போன பஸ் பாதி வழியில் படுத்துக்கொண்டதில் வந்து சேரும்போதே இருட்டிவிட்டது. இன்று எட்டு மணிக்குத் திரும்பும் பஸ். ஊரில் பள்ளிக்கூடச் சீருடை ஒரு மூட்டை தேய்க்கக் கிடக்கிறது. கடற்கரைக்கு இறங்கவோ செங்குத்தாக எண்பது படி. அவள் காலுக்கு அது ஆகிற காரியமா?

வாளியோடு வந்த அறை துடைக்கும் பெண்ணைப் பிடித்துக்கொண்டான். "இங்க எங்கயாவது கடல் தெரியுமாம்மா? எங்க அக்கா பாத்ததே இல்ல."

அவள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "மொட்டை மாடிக்குத் தங்கறவங்களை விடக்கூடாது. சரி, வாங்க. பதினெட்டே படிதான். மெதுவா ஏறுங்கக்கா."

படிக்கு ஒரு "அப்பாடா" வீதம் பதினெட்டு அப்பாடா போட்டு ஏறினாள் அக்கா. மேலே போனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டில் விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. கடலைக் காணோம்.

அக்காவுக்கோ கடலே மறந்துபோயிற்று. விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "நல்லா காஞ்சிருக்கு. இப்பவே உதறி மடிச்சா பாதி இஸ்திரி மிச்சம். அந்த முனையைப் புடிம்மா."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலையெல்லாம்!"

வந்த இடத்திலும் துணியா! தையல்காரன் தடுக்கப் போனான். அக்கா அதற்குள் கிளிப்பை உருவிவிட்டாள். விரிப்பு சரிந்தது.

பின்னால் கடல்.

எவ்வளவு கடல்! கண்ணை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனாலும் முடியவில்லை. காலை வெயிலில் மொத்தமும் மினுங்கியது. அக்காவின் கையிலிருந்த விரிப்பு தரையில் விழுந்தது. அவள் கையிலிருந்து ஒரு துணி கீழே விழுந்து தம்பி பார்த்ததே இல்லை.

"அக்கா?"

"அடேயப்பா..." என்றாள் அவள். "ஒரு மடிப்பு போறதுக்குள்ள அடுத்த மடிப்பு வருதேடா. இதை யாரு தேய்ச்சு முடிக்கறது?"

"யாராலயும் முடியாதுக்கா."

"முடியவே முடியாதுல்ல?" கண்ணில் நீர் வழிய, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

எட்டு மணிக்குக் கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"போகட்டும் விடு. சீருடை எங்க ஓடிடப் போகுது?" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமலே.