பிற்பகல் விசை

அந்தக் கருவிக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்தவள் மருமகள்தான். தொட்டால் சிணுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், இது தொடாமலே சிணுங்கும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்றில் சின்னத் தண்டு தொங்கும், தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குண்டு. பக்கத்தில் பெரிய ஈயக்குண்டை வைத்தால் அது சின்னக்குண்டை இழுக்கும், தண்டு துளியூண்டு திரும்பும். அந்தத் துளியூண்டை அளந்தால் பொருளுக்குப் பொருள் உள்ள ஈர்ப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சொல்லிவிட்டேன், இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களைக் கேட்டால் அழுவார்கள்.

மருமகள் என்றால் ஆய்வுக்கூடத் தலைவருக்கு மருமகள். வீட்டில் அவர் மாமா, ஆய்வுக்கூடத்து வாசலைத் தாண்டினால் சார். உறவு உள்ளே வந்தால் கணக்கு கெடும் என்று அவர் போட்ட சட்டம் அது. காலையில் ஒரே மேஜையில் காபி குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து "வணக்கம் சார்" என்று சொல்லும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்லித் தொலைப்பாள்.

பிரச்சினை பிற்பகலில் வந்தது. கருவி இருந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது. தண்டிலிருந்த கண்ணாடி காட்டும் ஒளிப்புள்ளியை அடுத்த அறைத் திரையில்தான் பார்க்க வேண்டும். காலை முழுக்கப் புள்ளி சொன்ன இடத்தில் சமர்த்தாக நிற்கும். மதியம் தாண்டியதும் மெல்ல ஒரு பக்கமாக நகரும், சாயங்காலம் பழைய இடத்துக்கு வந்துவிடும். தினமும் இதே கூத்து. வெயிலாக இருக்குமோ என்று ஜன்னலை அடைத்தாள். லிஃப்டாக இருக்குமோ என்று அதை நிறுத்தச் சொல்லி மாடியில் இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி, தெருவில் போகும் லாரி, பக்கத்து அறை பீரோ என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஊரே தூங்கும் நாளில்கூடப் புள்ளி நகர்ந்தது.

அவள் பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமனார் அதற்குப் பெயரே வைத்துவிட்டார். பிற்பகல் விசை! சூரியன் உச்சியைத் தாண்டியதும் ஈர்ப்பு மாறுகிறதாம், இதுவரை யாரும் கண்டதில்லையாம். மாத முடிவில் அவருக்கு ஓய்வு. அடுத்தவர் கண்டுபிடித்ததை அடுத்தவரைவிடத் துல்லியமாக அளந்தே ஆயுள் போயிற்று, தன் பேரில் என்று ஒன்றும் இல்லை. அந்த ஏக்கம் அவளுக்கும் தெரியும், அதனால்தான் வாயைத் திறக்க முடியவில்லை. வியாழக்கிழமை மதியம் வெளியூர் ஆட்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டி அறிவிப்பதாக ஏற்பாடு. கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. நாளைக்கு எவனாவது தப்பென்று நிரூபித்தால் அவர் பென்ஷனை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். இவளை எந்த ஆய்வுக்கூடம் வாசற்படி ஏற்றும்?

ஒரு தடவை துணிந்து, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே சார் என்றாள். தோற்கப்போகிறவள் மாதிரிப் பேசாதே என்றார். மாமியார் அதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லி, அவருக்குப் புதுச்சட்டையும் எடுத்துவிட்டாள். புருஷன்காரனிடம் புலம்பினால், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரல தாயே" என்று தலையணையைத் திருப்பிப் போட்டான். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவள் கிடந்தாள்.

புதன்கிழமை மதியம் மாமனாருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கப் போக வேண்டியதாயிற்று. அவள் வழக்கம்போலத் திரை முன்னால் உட்கார்ந்தாள். மணி ரெண்டாயிற்று, மூன்றாயிற்று. புள்ளி அசையவில்லை.

நாளைக்கு அறிவிப்பு. இத்தனை நாள் நகராதே நகராதே என்று திட்டிய அதே புள்ளியை நகர்ந்து தொலையேன் என்று கெஞ்சினாள். பல் டாக்டர் வீட்டிலிருந்து ஃபோன் வந்தது. மரத்துப்போன வாயோடு மாமனார், வந்துதா என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிட்டாள். உட்கார முடியாமல் எழுந்து நடைவழிக்கு வந்தாள்.

நடைவழியில் நாற்காலி காலியாக இருந்தது.

மாமனாரின் நாற்காலி. முன்பு ஒரு நாள் யாரோ கதவைப் படாரென்று சாத்தி அளவு கெட்டுப்போனதிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. காலையில் பாடம் எடுப்பார். மதியம் ஆனால் கருவி அறைச் சுவரை ஒட்டி இந்த நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்ட கையோடு வந்துவிடுவார். நாற்காலிக்கு நேராகச் சுவருக்கு அந்தப்பக்கம், கை எட்டும் தூரத்தில், தண்டின் ஒரு முனை. மாமனாரோ வாட்டசாட்டமான ஆள். குண்டு குண்டை இழுக்கிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர்கள், லாரியையும் தண்ணீர்த்தொட்டியையும் கணக்கில் சேர்த்தவர்கள், காவலுக்கு உட்கார்ந்த மனுஷனைச் சேர்க்கவில்லை. தினமும் அவர் நீட்டிய காலைத் தாண்டித்தான் அவள் போய் வந்தாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் பயிர்மேல் இருந்த பாசத்தில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாளை நடக்கப்போவதை நினைத்ததும் அது அப்படியே நின்றுபோனது.

அவரிடம் இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவாரா? புதுச்சட்டை இஸ்திரி போட்டுத் தொங்குகிறது.

வியாழக்கிழமை காலை வீங்கின கன்னத்தோடும் புதுச்சட்டையோடும் வந்தார். பாடத்தை ரத்து செய்திருந்தார். அவரைத் திரை முன்னால் உட்கார வைத்தாள். எங்கும் போகாமல் புள்ளியை மட்டும் பாருங்க சார் என்று சொல்லிவிட்டு, நடைவழிக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தொட்டாச்சிணுங்கி எதையும் அவசரமாகச் செய்யாது. சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நகர்ந்துது. காலைல நகர்ந்ததே கிடையாதே. ஆனா வழக்கத்துல பாதிதான் இருக்கு. நீ என்ன பண்ணின?"

"உங்க நாற்காலில போய் உக்காந்திருந்தேன் சார்."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புள்ளி திரும்பி வருவதைப் பார்த்தார். பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"உன் எடை எவ்ளோ?"

வேறு எந்த மாமனார் கேட்டிருந்தாலும் அவள் மூஞ்சியைத் திருப்பியிருப்பாள். "அம்பது" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நூற்றுக்கு ஒன்று குறைவு என்று மாமியார் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் இடித்துக்காட்டும் எடை அவருடையது. அவருக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் அப்படியே தொங்கிப்போவதைப் பார்க்க முடியாமல் அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாளும் அவர்மேல் பொங்கிய கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நிறுவன இயக்குநருக்கு நானே ஃபோன் பண்றேன் சார், கருவி பழுதென்று சொல்லிவிடலாம் என்றாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கருவியைக் குறை சொல்லாதே, ரெண்டு ஆளை எடை போட்டு, ஒண்ணு இன்னொண்ணுல பாதின்னு சுவருக்கு அந்தப்பக்கமிருந்தே சொல்லியிருக்கு என்றார். ஃபோனை அவரே எடுத்தார்.

"கூட்டத்த நிறுத்திடுங்க. பிற்பகல் விசைன்னு ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் பேசுவதைக் கேட்டார். "இல்லீங்க, அது நான்தான்."

அதற்கு என்ன விளக்கம் கேட்டார்களோ, அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

மதியம் புள்ளி நின்ற இடத்தில் நின்றது. இனி காலையும் மதியமும் ஒரே அளவு. இதற்காகத்தான் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆனால் தனியாக உட்கார்ந்து பார்க்கப் பிடிக்கவில்லை. வெளியே வந்தாள். நடைவழியின் அந்தக் கோடியில், மாடிப்படி பக்கத்தில், அவர் நாற்காலியைப் போட்டுப் புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காவலை மட்டும் விடவில்லை மனுஷன்.

"இங்க இருந்தா தொந்தரவு இல்லையே?" என்று அங்கிருந்தே கேட்டார். "இன்னும் தள்ளிப் போகணுமா?"

"வேண்டாம் மாமா," என்றாள் அவள். "அங்கயே இருங்க."

அவர் அவளைத் திருத்தவில்லை.