எதிர்க்கரையில் மூன்று தட்டு

அக்காவும் தங்கையும் பேச்சை விட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் தினமும் சேர்ந்துதான் நடந்தார்கள். சேர்ந்து என்றால், ஆற்றின் இந்தக் கரையில் தங்கை, அந்தக் கரையில் அக்கா.

காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் ஆரம்பித்து, நீரேற்று நிலையம் வரை போய்த் திரும்புவது வழக்கம். தங்கை கொஞ்சம் முந்திவிட்டால், செருப்பில் கல் புகுந்தவள் மாதிரி நின்று காலை உதறுவாள், அக்கா நேருக்கு நேர் வந்து சேரும்வரை. அக்கா முந்திவிட்டால் அவளுக்குச் சால்வையைச் சரிசெய்கிற வேலை வந்துவிடும்.

கரையோரக் காபிக்கடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். "ஏம்மா, நடுவுல ஓடுற ஆறு என்ன பாவம் பண்ணிச்சு? ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?"

"உங்க காபிக்குத் தண்ணி குடுக்குதுல்ல, அந்தப் பாவம்தான்" என்பாள் தங்கை, நடையை நிறுத்தாமல். அவள் தையல்காரி. நாக்கும் ஊசிதான்.

சண்டைக்குக் காரணம் அம்மாவின் சாவு. அம்மா கடைசியில் அக்கா வீட்டில் இருந்தாள். உயிர் இழுத்துக்கொண்டிருந்த அன்று ஊரெல்லாம் உறைபனி. தங்கைக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு நோய். குளிர்காற்று பட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். 'இந்தக் குளிர்ல ஓடி வந்தா அவளையும் சேர்த்துப் படுக்க வைக்கணும், விடிஞ்சதும் சொல்லிக்கலாம்' என்று அக்கா தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

"அம்மா முகத்தைப் பார்க்க எனக்குக் குடுத்து வைக்கலைன்னா விதின்னு இருப்பேன். நீதானே குடுக்காம விட்டே" என்றாள் தங்கை. அதுதான் கடைசிப் பேச்சு.

பனிமூட்டம் கவிகிற நாட்களில், அக்கரையைப் பஞ்சு வைத்துத் தைத்து மூடிவிட்ட மாதிரி ஒன்றும் தெரியாது. அப்போது தங்கை குடைக்காம்பால் கரையோர இரும்புக் கம்பியை மூன்று தரம் தட்டுவாள். ஆறு அங்கே குறுகல். எதிரிலிருந்தும் மூன்று தட்டு வரும். முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்டால் இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தட்டுவது பேச்சில் சேராது என்பது மட்டும் இருவருக்கும் தீர்மானம்.

இந்த முறை நாலு நாள் மூட்டம் விலகவே இல்லை. நாலு நாளும் பதில் வந்தது. சற்றுத் தாமதம், ஆனால் நல்ல அழுத்தம். 'மகராசிக்குக் கையில தெம்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை' என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

ஐந்தாம் நாள் அவள் தட்டிவிட்டு நின்றபோது திடீரென்று காற்று அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டு வரவில்லை. மூட்டம் கிழிந்த இடத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார், அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஓங்கிய கைத்தடி ஓங்கியபடியே இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

"அத்தான்! அவ எங்க?"

ஏழு வருஷத்தில் முதல்முறையாக அவள் குரல் ஆற்றைத் தாண்டியது. அவர் கைத்தடியைத் தாழ்த்திவிட்டுப் பாலத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அவளும் நடந்தாள். பாதி வழியிலேயே நெஞ்சுக்குள் பூனை கத்தத் தொடங்கிவிட்டது.

பாலத்தின் நடுவில் சந்தித்தார்கள்.

"சளி நெஞ்சுல இறங்கிடுச்சும்மா, மூட்டம் போட்ட அன்னிக்கே. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். இனி கையில ஒண்ணும் இல்லைன்னுட்டார் டாக்டர், நேத்து."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"அவதான்... 'குளிர்ல ஓடி வந்தா இழுப்பு வந்துடும், மூட்டம் விலகட்டும். அதுவரைக்கும் நீங்க போய்த் தட்டிட்டு வாங்க, இல்லைன்னா பயந்துடுவா'ன்னா."

"நீங்களும் தட்டினீங்க!"

"நாப்பது வருஷமா அவ சொன்னதைத்தானேம்மா செய்யறேன்."

வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில், மூன்று தலையணை அடுக்கி, அக்காவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். ஆக்சிஜன் குழாய்க்கு மேலே அந்தக் கண் மட்டும் பழைய கண்.

"வந்துட்டியா? பாரு... இழுக்குது உனக்கு."

"இழுக்கட்டும்! பட்டும் திருந்த மாட்டியா நீ? அம்மாவுக்குப் பண்ணினதையே மறுபடி பண்ணி வச்சிருக்கே. என் நெஞ்சுக்கு உன்னை யாரு காவல் போட்டது?"

"நீ சின்னப் பிள்ளை..."

"எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சுடி!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாக மாறி அடங்கவே வெகுநேரம் ஆயிற்று.

ஏழு வருஷத்துப் பேச்சுக்கு நாலரை மணி நேரம் கிடைத்தது. அதில் முக்கால்வாசியைத் தங்கை திட்டியே தீர்த்தாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை மூச்சு வாங்க நிறுத்தினால், "ம், சொல்லு" என்றாள்.

நடுவில் தங்கை அத்தானிடம் திரும்பினாள். "பாப்பாவுக்குச் சொல்லியாச்சா?"

பாப்பா அக்காவின் ஒரே மகள். மலைக்கு அந்தப்பக்கம் ஓர் ஊரில் பள்ளிக்கூட வேலை. அத்தான் கட்டிலைப் பார்த்தார்.

"பாதையெல்லாம் பனி" என்றாள் அக்கா. "தனியா வண்டி ஓட்டிட்டு... நாளைக்கு..."

தங்கை அலமாரியிலிருந்த போனை எடுத்தாள். தடுக்க வந்த அக்காவின் கையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எண்ணை அழுத்தினாள்.

"பாப்பா, சித்தி பேசறேன். ஆமா, நானேதான். அம்மாவுக்கு ரொம்ப முடியலை. பார்த்து ஓட்டு, ஆனா இப்பவே கிளம்பு. இரு, அம்மா காதுல வைக்கிறேன்."

மகள் என்ன சொன்னாளோ, அக்கா "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். "ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்றாள்.

மதியம் ஒன்றரை மணிக்கு மூச்சு நின்றது. பாப்பாவின் வண்டி வாசலுக்கு வந்தபோது மணி மூன்று. சக்கரமெல்லாம் பனிச்சேறு. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தவள், நிமிர்ந்து சித்தியைப் பார்த்தாள்.

"நாலு நாளா படுத்திருந்தாங்களாம். ஏன் சித்தி எனக்கு யாருமே சொல்லலை?"

இத்தனை காலம் தான் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் கட்டிலில் கிடந்தாள்.

"பாதையெல்லாம் பனியா இருக்கே... நீ தனியா வரணுமேன்னு..." தங்கையின் வாய் தானாகவே சொல்லிக்கொண்டு போயிற்று.

"இதெல்லாம் ஒரு காரணமா சித்தி?"

"இல்லைடி கண்ணு" என்று அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "ஒரு காரணமும் இல்லை."