சிவப்புக் கண்ணாடிப் பூட்டன்

குலம் போதாதென்று மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர் இரத்தினம். அடுத்ததாகத் தன் வீட்டுக்குத்தான் வருகிறார் என்றதும் செல்வரட்ணம் ஒரு பூட்டனைத் தேடிப் புறப்பட்டார். மகன் கஜரூபனோ, கட்டினால் இரத்தினத்தின் மகள் கவிசாவைத்தான் என்று நின்றான்.

ஹனோவர் ஆற்றங்கரைச் சனிக்கிழமைச் சந்தையில் பூட்டன் அகப்பட்டார். நூற்றைம்பது வருடப் பழைய சிவப்புக் கண்ணாடிக் கோப்பை. அதில் கோட்டும் கிருதாவுமாகச் செதுக்கிய யாரோ ஒரு ஜெர்மன் கனவான். சோடிக் கோப்பை போன கிழமையே விற்றுப்போனதாக வியாபாரி சொன்னான். கண்ணாடியில் செதுக்கிய முகத்துக்குத் தோல் நிறம் ஏது? வீடு வந்து சேர்வதற்குள் கனவான் ஊரை ஆண்ட யாழ்ப்பாணத்து உடையார் ஆகிவிட்டார்.

ஞாயிறு மாலை இரத்தினம் மகளோடு வந்து உட்கார்ந்தபோது, சாய்ந்த வெயில் கோப்பைக்குள் புகுந்து உடையாரின் முகத்தைச் சுவரில் செக்கச்செவேலென்று மிதக்க விட்டது.

"எங்கட பூட்டன். குதிரையிலைதான் கோயிலுக்கும் போவாராம்," என்றார் செல்வரட்ணம். சொல்லச் சொல்ல அவருக்கே குளம்படி கேட்டது. பனங்கூடலுக்குள் புழுதி எழுந்தது.

கவிசா கிட்டப் போய்ப் பார்த்தாள். "அப்பா, இவர் எங்கட பூட்டன் எல்லோ? எங்கட அலுமாரிக்குள்ளை இருக்கிறவர்!"

இரத்தினத்தின் வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. இரண்டு தகப்பன்மாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தை என்ற ஒரு சொல் போதும். யார் முதலில் சொல்வது?

"ஓம்... அப்பாவழிப் பூட்டன்," என்றார் இரத்தினம், வியர்வையைத் துடைத்தபடி. "அப்ப நாங்கள் சகோதரங்கள், அண்ணை. பிள்ளையளும் அண்ணன் தங்கச்சி. கலியாணம் ஏலாது."

கஜரூபனின் முகம் வெளிறியது. செல்வரட்ணம் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்து, சுவரில் மிதந்த உடையாரைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று.

அடுக்களை வாசலில் செல்வரட்ணத்தின் மனைவி மகாதேவி கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "பொறுங்கோ அண்ணை. எங்கட இவருக்கு அவர் அம்மாவழிப் பூட்டன்."

இரத்தினம் விரல்விட்டு முறை பார்த்தார். அப்பாவழி ஒருபக்கம், அம்மாவழி மறுபக்கம்... அவர் முகம் மெல்ல மெல்ல விடிந்தது.

"மச்சான்!" என்று பாய்ந்து செல்வரட்ணத்தைக் கட்டிக்கொண்டார். "அப்ப உங்கட பெடியன் என்ர பிள்ளைக்கு உரிமை மச்சான் எல்லோ! இனி வேறை ஆருக்குக் குடுக்கிறது?"

"ரத்தம் இழுத்திருக்கு, மச்சான்!" என்ற செல்வரட்ணத்துக்கு மெய்யாகவே கண் கலங்கியது.

மகாதேவி பஞ்சாங்கத்தை எடுத்துவரப் போனாள்.