மூன்றாம் பகுதி தில்லையிடம்

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் காது காட்டிக்கொடுத்துவிடும். தில்லைநாதனுக்கு இரண்டு காதும் சிவந்துவிட்டன.

"எனக்கொண்டும் ஞாபகமில்லை, பிள்ளை. இருபத்தெட்டு வருசமாச்சு. அதெல்லாம் அப்பவே மறந்து போச்சு."

அவனைத் தேடி உரும்பிராய்க்கு வந்திருந்தவள் தாரிகா. வயலின் படிப்பிக்கிறவள். மூன்று மாதமாக ஒரு பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஊரூராக அலைகிறாள். அதை விரித்து அவனுக்கு முன்னால் வைத்தாள். நாலு வயலினுக்கான ஒரு இசை. முதல் பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் சுரங்கள் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தன. அதற்கடுத்த பக்கத்தில் ஒற்றை வரி: 'மூன்றாம் பகுதி தில்லையிடம் இருக்கிறது.' அதற்கடுத்ததில், 'நான்காம் பகுதி ஜெறோமிடம்.' அவ்வளவுதான்.

அந்த இசையைச் செய்த நமசிவாயம் மாஸ்ரரின் கையெழுத்தை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறான். நாலு வருசம் பக்கத்தில் படுத்த மனிதர்தான். ஆனால் சிறையில் கடதாசிக்கு எங்கே போவது?

"ஜெறோம் அண்ணை பாரிசிலையிருந்து தன்ரையை ஃபோனிலை பாடி அனுப்பிப்போட்டார்," என்றாள் தாரிகா. "மூண்டையும் வைச்சு வாசிச்சுப் பாத்தம். நிக்குதில்லை அண்ணை. சரிஞ்சு சரிஞ்சு விழுது. உங்கடை இல்லாட்டி இந்த இசை இல்லை."

தில்லைநாதன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த கால், கணுக்கால் வரைக்கும் செம்மண்.

மாஸ்ரர் செய்த குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூட நாடகம் ஒன்றுக்கு மெட்டுப் போட்டார். அந்தப் பாட்டில் 'விடியும்' என்றொரு சொல் இருந்தது. இரவென்று ஒன்று இருந்தால் விடியத்தானே செய்யும்? அதைப் பாடினால் பயங்கரவாதமாம். தில்லைநாதன் செய்த குற்றம் அதைவிடச் சின்னது. இருபத்திரண்டு வயதில் பாஸ்போட் எடுக்கக் கொழும்புக்குப் போய் ஒரு லொட்ஜில் தங்கினான். தமிழ்ப் பெடியனைப் பிடித்து உள்ளே போட அந்த நாளில் அது போதும்.

சிறையில் தமிழ்ப் பாட்டென்று வாயைத் திறந்தால் அடி விழும். "சொல்லாலை வந்த வினை, இனிச் சொல்லே வேண்டாம்," என்றார் மாஸ்ரர். சொல்லே இல்லாமல் நாலு வயலினுக்கு ஒரு இசை செய்தார். வயலின் இல்லை. நாலு பேரின் தொண்டைதான் வயலின். மத்தியானச் சாப்பாடு முடிந்து காவல்காரர் கண்ணயர்கிற நேரம், நாலு பேரும் சீமெந்துத் தரையில் சுவரைப் பார்த்து வரிசையாகப் படுப்பார்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுப்பார்கள். தில்லைநாதனுக்கு முதுகுப்பக்கம் மாஸ்ரர். அவன் தோள்பட்டைக்கு நடுவில் ஒற்றை விரலால் தாளம் தட்டிக்கொண்டிருப்பார். ஒருவனின் பகுதியை மற்றவன் பாடமாக்கக் கூடாது என்பது சட்டம். எவனை அடித்துக் கேட்டாலும் கால்வாசிதான் வெளியே வரும்.

முதல் பகுதி மாஸ்ரருடையது. இரண்டாம் பகுதிக்காரர் உள்ளேயே செத்துப்போனார். அதனால்தான் அதை மாஸ்ரர் பிறகு எழுதி வைத்தார். மற்ற இருவரும் உயிரோடிருந்தார்கள். உயிரோடிருப்பவர்களிடம் இருப்பதை எதற்கு எழுத வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. விடுதலையான பிறகு தில்லைநாதன் பண்டத்தரிப்புக்குப் போய் அவரைப் பார்த்ததில்லை. முதலில் பயம். விடுதலையானவன் விடுதலையானவனைத் தேடிப் போனால் இரண்டு வீட்டுக்கும் விசாரணை வரும். பயம் போன பிறகு வெட்கம். வெட்கம் போகுமுன்னே மாஸ்ரர் போய்விட்டார்.

அந்த வெட்கம் இன்றைக்கும் இருக்கிறது. மற்ற மூவரின் பகுதியும் ஏறும், இறங்கும், ஓடும். அவனுடையதோ ஒரே சுரம். தண்ணீர் இறைக்கிற மெஷின் மாதிரி ம்ம்ம் என்று ஒரே இழுவை. அவனுக்குப் பாட வராது என்பது மாஸ்ரருக்குத் தெரியும். பாவமென்று சேர்த்துக்கொண்டார். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்த ஒற்றைச் சுரத்தை விடாமல் பிடிக்கிற அவதியில் மற்றவர்களை அவன் காதுகொடுத்துக் கேட்டதேயில்லை. இதையெல்லாம் வயலின் படித்த ஒரு பிள்ளைக்கு முன்னால் எப்படி இழுத்துக் காட்டுவது? சிரித்துவிடமாட்டாளா?

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றான் மறுபடியும்.

"பொய்," என்றது குசினிப் பக்கமிருந்து ஒரு குரல்.

இராசமலர் பிளேன்ரீயோடு வந்தாள். கோப்பையைத் தாரிகாவிடம் கொடுத்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள். "மத்தியானம் படுத்தா உங்களுக்கு அதுதானே வேலை."

"எனக்கோ? என்ன வேலை?"

"நித்திரையிலை அனுங்கிறது. கலியாணம் முடிச்ச புதுசிலை, மனுசனுக்கு வயித்துக்குத்தாக்கும் எண்டு ஓமத்தண்ணி அவிச்சுத் தந்தனான். மறந்துபோனியளே?"

ஓமத்தண்ணீர் அவனுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. ஏன் தந்தாள் என்று இத்தனை வருசமும் அவன் கேட்டதில்லை.

இராசமலர் பாயை எடுத்து உதறி விறாந்தையிலேயே விரித்தாள். "இருந்துகொண்டு யோசிச்சா வராது. படுங்கோ."

"பிள்ளைக்கு முன்னாலை என்னண்டு..."

"படுங்கோவன்."

படுத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பிறகு, அவன் கூப்பிடாமலேயே, அந்தச் சுரம் தொண்டைக்குள் வந்து நின்றது. தாரிகா சிரிக்கவில்லை. ஃபோனை அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட்டாள். சுரம் நீண்டது, நிறுத்தி மூச்சு எடுத்தது, திரும்பவும் நீண்டது. நாலு நிமிசம் போயிருக்கும். சட்டென்று அறுந்தது.

தில்லைநாதன் எழும்பி உட்கார்ந்தான். வேர்த்திருந்தது.

"இதிலைதான் மாஸ்ரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள். வேறை சிறைக்கு மாத்த. முதுகிலை தாளம் நிண்டுபோச்சு." சாரத்தால் முகத்தைத் துடைத்தான். "அதுக்கு அங்காலை இல்லை, பிள்ளை. அவ்வளவுதான் என்னட்டை இருக்கிறது."

"இருக்கு," என்றாள் இராசமலர்.

பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடாமல், மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறவள் போலச் சாதாரணமாக, அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அதே ஒற்றைச் சுரம். அது மெல்ல ஒரு படி ஏறியது. இன்னொரு படி. மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றி, அவசரமில்லாமல் இறங்கிவந்து, தொடங்கிய இடத்தில் உட்கார்ந்தது.

"மகள் கஜானியை இதாலைதானே நித்திரையாக்கினனான்," என்றாள். "இவர் அனுங்கிறதிலை அந்த இடம் வரேக்கை வடிவாயிருக்கும். அதுக்காண்டியே எழுப்பாமல் இருந்து கேப்பன்."

தாரிகா கொப்பியை அவசரமாகப் புரட்டினாள். முதல் பகுதியில் கடைசிக்கு முதல் வரியில் சுரம் இல்லை. பதினாறு அட்சரம் வெறும் கோடு. இரண்டாம் பகுதியிலும் அதே கோடு. "ஜெறோம் அண்ணையும் சொன்னவர்," என்றாள். "இந்த இடத்திலை பேசாமல் கிட எண்டு மாஸ்ரர் சொன்னவராம். ஏனெண்டு தனக்குத் தெரியாதாம். நாங்கள் ஏதோ விடுபட்டுப் போச்சு எண்டு நினைச்சம், அண்ணை. விடுபடேல்லை. மூண்டு பேரும் உங்களுக்கு இடம் விட்டிருக்கினம்."

தில்லைநாதன் கொப்பியிலிருந்த வெறும் கோட்டை விரலால் தடவினான். "அந்த இடத்தை ஒருக்காத்தான் சொல்லித் தந்தவர்," என்றான். "நல்லா வரும் உனக்கு எண்டு சொன்னவர். நான் அதைப் பகிடி எண்டு நினைச்சிட்டன்."

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், உரும்பிராயில் சனசமூக நிலைய மண்டபத்தில் நாலு வயலின்கள் உட்கார்ந்தன. நாற்பது ஐம்பது சனம். எங்கள் ஊர் வழக்கப்படி ஆண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் பின்னால். தில்லைநாதன் இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சேட்டில் விறைத்துப்போயிருந்தான். இராசமலர் அவனுக்கு நேர் பின்னால்.

மூன்றாவது வயலின் தாரிகாவிடம் இருந்தது. அவள் அந்தச் சுரத்தை இழுத்ததும் மற்ற மூன்றும் அதன்மேல் ஏறி நடக்கத் தொடங்கின. தில்லைநாதனுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. வரம்பில்லாமல் வாய்க்காலில் தண்ணீர் போகுமா? இத்தனை வருசமாகத் தோட்டம் செய்கிறவனுக்கு இது தெரியாமல் போயிற்றே. தான் பிடித்துக்கொண்டிருந்தது என்னவென்று ஐம்பது வயதில் கேட்டான். கேட்கக் கேட்க மனிதனுக்குச் சந்தோசம் பொறுக்கமுடியவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. முதல் வயலின் வில்லை எடுத்தது. இரண்டாவது எடுத்தது. ஜெறோமின் பகுதியும் ஓய்ந்தது. ஒற்றைச் சுரம் மட்டும் தனியே நின்றது. தில்லைநாதனின் முதுகு தானாகவே இறுகியது. பெயர் சொல்லிக் கூப்பிடப்போகிறார்கள் என்று உடம்பு காத்திருந்தது.

தோள்பட்டைக்கு நடுவில் ஒரு விரல் பட்டது. சபையில், நாலு பேருக்கு முன்னால், இராசமலர் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விரல் தாளம் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சுரம் ஒரு படி ஏறியது. விரல் நிற்கவில்லை. இன்னொரு படி ஏறியது.

அவன் ஏதோ சொல்லத் திரும்பினான். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன.

"பேசாமல் முன்னுக்குப் பாத்துக் கேளுங்கோ," என்றாள் இராசமலர், தட்டுவதை நிறுத்தாமல். "உங்கடை பகுதி போகுது."