முதற் பக்கத்தில் ஒரு கண்டனம்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே இருந்தது துசாந்தினியின் அலுவலகம். கதவில் இரண்டு பெயர்ப்பலகைகள். மேலே உள்ளதில் ‘வழக்கறிஞர்’ என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. கீழே இருந்தது தமிழில், ‘வடதிசை – மாதப் பத்திரிகை’. அந்த எட்டுப் பக்கப் பத்திரிகைக்குப் பதினொரு வருடமாக உரிமையாளரும் ஆசிரியரும் அவள்தான். பகலில் பஸ் ஓட்டும் றொஷான் பக்கங்களை அமைத்துக் கொடுப்பான்.

ஒஸ்லோத் தமிழர்களுக்கு அவள் முதலில் வழக்கறிஞர், பிறகுதான் பத்திரிகைக்காரி. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்க அதிகாரமுள்ள குழந்தைகள் நலத்துறையான பார்னவேர்ன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால், அந்த வீட்டார் அவளைத்தான் அழைப்பார்கள். பதினேழு குடும்பங்களுக்காக அவள் வாதாடியிருந்தாள்.

பெப்ரவரியில் சிந்தியா வந்தாள். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அவளுடைய விவாகரத்து வழக்கை நடத்தியது துசாந்தினிதான். இம்முறை மகள் ஆரணியைப் பற்றிப் பேச வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. மோர்டென்ஸ்ருட்டில் வளர்பிறைக் கல்விக்கழகம் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்பில் ‘மழை’யை ‘மளை’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் கோடு போடும் அடிமட்டத்தால் விரல்களில் அடித்ததில் ஒரு நகம் கறுத்துப்போயிருந்தது.

“கழகத்திலை சொன்னனான் அக்கா. வெளியிலை கதையாதைங்கோ எண்டிட்டினம். இன்னும் மூண்டு பிள்ளையளுக்கு அடி விழுந்திருக்கு. நீங்கள் பேப்பரிலை போடுங்கோ. என்ரை பேர் மட்டும் வேண்டாம்.”

துசாந்தினி அவளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். மற்ற மூன்று வீடுகளுக்கும் போனாள். பிள்ளைகளோடு பேசினாள். கழகத் தலைவர் கஜரூபனுக்குக் கேள்விகள் அனுப்பினாள், பதில் வரவில்லை. மார்ச் இதழின் முதற் பக்கத்தில், யாருடைய பெயரும் இல்லாமல், நடந்ததை அப்படியே எழுதினாள்.

அடுத்த ஞாயிறு வகுப்புகள் முடிந்ததும் அதே மண்டபத்தில் கழகம் கூட்டம் வைத்தது. நூறு பேர் வரை வந்திருந்தார்கள். துசாந்தினி சட்டப்படிப்பை முடித்தபோது அதே மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்திய கஜரூபன்தான் பேசினார்.

“தங்கச்சி, நாங்கள் விசாரிச்சுப் போட்டம். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த இதழிலை மன்னிப்புக் கேட்டுப் போடுங்கோ. இதோடை விடுவம்.”

“நான் நாலு பிள்ளையளோடை கதைச்சனான் அண்ணை. நீங்கள் எத்தினை பேரோடை கதைச்சனீங்கள்?”

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அதைச் சொல்லமாட்டன்.”

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “இதை நோர்வேக்காரர் வாசிச்சால் பார்னவேர்ன் ஒவ்வொரு தமிழ் வீடா வரும். எங்கடை பிள்ளையளுக்காக வழக்காடுற நீங்களே இதைச் செய்யலாமோ?”

பலர் கைதட்டினார்கள். அந்தப் பயம் பொய்யல்ல என்று துசாந்தினிக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் அவள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“பதினேழு வழக்கிலை நிண்டிருக்கிறன். ஒவ்வொண்டிலையும் ஒரு கேள்வி வரும். சுத்தியிருந்த பெரியாக்களுக்குத் தெரியுமோ, தெரிஞ்சும் மறைச்சவையோ எண்டு. மறைச்ச வழக்குகளிலைதான் நான் தோத்தனான். இப்ப என்னையே மறைக்கச் சொல்லுறியள். நான் மன்னிப்புக் கேக்கமாட்டன்.”

முன்வரிசையில் சிவானந்தன் மாஸ்டர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அடித்தவர் அவர்தான் என்பது அந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். துசாந்தினி வெளியேறியபோது ஒருவரும் வழிவிடவில்லை. கதிரைகளை விலக்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கிழமையே தமிழ்க் கடைகள் ‘வடதிசை’யை வைக்க மறுத்தன. இரண்டு கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரிடம் போனார்கள். அச்சகக்காரர், தன் பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறார்கள் என்று சொல்லிக் கையை விரித்தார். பிறகு வழக்கறிஞர்களை விசாரிக்கும் முறைப்பாட்டுச் சபையிடமிருந்து கடிதம் வந்தது. கட்சிக்காரர் ஒருவரின் இரகசியத்தை அவள் பத்திரிகையில் போட்டதாகக் கஜரூபன் முறையிட்டிருந்தார்.

இழுப்பறையில் இருந்த சம்மதக் கடிதத்தைக் காட்டினால் போதும். ஆனால் சபைக்குக் காட்டுவதை முறையிட்டவரும் பார்ப்பார்.

விடயம் கேள்விப்பட்டுச் சிந்தியா ஓடி வந்தாள். “காட்டுங்கோ அக்கா” என்றாள். சொல்லும்போதே கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஆரணி இப்பவும் வகுப்புக்குப் போறவளோ?”

“ஓம். வேறை வாத்தியாரிட்டை. அவளின்ரை சிநேகிதியள் எல்லாம் அங்கைதான்.”

“அப்ப காட்டேலாது.”

“உங்கடை லைசென்ஸ் போனால்?”

“போனால் பேப்பர் இருக்கு.”

அவள் சபைக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதினாள். வழக்கறிஞராக எந்த இரகசியத்தையும் மீறவில்லை. பத்திரிகை ஆசிரியராகத் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

செப்டெம்பரில் முடிவு வந்தது. இரகசியத்தை மீறியதற்கு ஆதாரம் இல்லை என்றது சபை. ஆனால் இரண்டு தொழில்களையும் ஒரே கதவுக்குப் பின்னால் கலந்து நடத்தியது தவறு என்று எழுத்தில் கண்டித்திருந்தது. துசாந்தினி கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். இருபது வருடத் தொழிலில் அவளுக்குக் கிடைத்த முதல் கண்டனம் அது.

“கஜரூபன் அண்ணை இதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பப்போறார்” என்றான் றொஷான்.

“அவருக்கு ஏன் வீண் வேலை? நாங்களே போடுவம். முதல் பக்கத்திலை, ஒரு வரி விடாமல்.”

“அக்கா, இது உங்களுக்கு எதிரான கடிதம்.”

“மற்றவையின்ரை பிழையெண்டால் முதல் பக்கம், என்ரையெண்டால் மூலையோ?”

அவளே அதைத் தமிழில் பெயர்த்தாள். கீழே தன் பெயரில் இரண்டு வரி சேர்த்தாள். ‘இதை ஏற்று, பத்திரிகைக்கு வேறு அறை எடுத்திருக்கிறேன். மார்ச் மாதச் செய்தியில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை.’

அச்சகம் இல்லாததால், நான்கே பக்கங்களை அலுவலக நகல் இயந்திரத்திலேயே நானூறு பிரதிகள் எடுத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவள் ட்வெய்ட்டா ரயில் நிலைய வாசலில் நின்று கொடுத்தாள். சிலர் வாங்கினார்கள். தெரிந்த ஒருவர் வாங்கி, அவள் கண்முன்னே குப்பைத்தொட்டியில் போட்டார். அவள் அடுத்தவருக்கு நீட்டினாள்.

இரண்டு மணியளவில் சிவானந்தன் மாஸ்டர் வந்தார். ஒரு பிரதியை வாங்கி, ஓரமாக நின்று முழுவதும் வாசித்தார். பிறகு கிட்ட வந்தார்.

“என்ரை பேர் உங்களுக்குத் தெரியும்தானே. ஏன் போடேல்லை?”

“அடி நிக்கவேணும் மாஸ்டர். அதுக்கு உங்கடை பேர் தேவைப்படேல்லை.”

அவர் பத்திரிகையை மடித்தார். “எங்களை அடிச்சுத்தான் படிப்பிச்சவை. நானும் அதுதான் படிப்பிக்கிறது எண்டு நினைச்சிட்டன். கூட்டத்திலை வாயைத் திறக்காமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வெக்கம். ஒரு கடிதம் தந்தால் போடுவீங்களோ?”

“பேரோடையோ?”

“பேரோடைதான். கஜரூபன் வேண்டாமெண்டவர்.”

ஒக்டோபர் இதழில் அந்தக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு, நடக்கவில்லை என்று கழகத்தால் சொல்ல முடியவில்லை. மாஸ்டர் வகுப்பை விட்டு விலகினார். ஒவ்வொரு வகுப்பிலும் பெற்றோர் ஒருவர் இருக்கவேண்டும் என்று விதி வந்தது. மூன்று கடைகள் பத்திரிகையைத் திரும்ப வைத்தன. மற்றவை இன்னும் வைக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து பேசிய பெண் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து, ஒரு வருடச் சந்தா எழுதிவிட்டுப் போனாள்.

கஜரூபன்தான் இப்போதும் தலைவர். டிசம்பரில் ஒரு கல்யாண வீட்டில் துசாந்தினியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேரே அவரிடம் போய் வணக்கம் சொன்னாள். கழகத்தின் பொதுக்கூட்டம் எப்போது என்று கேட்டாள்.

“ஏன், என்னத்துக்கு?” என்றார் அவர்.

“செய்தி எடுக்க வரவேணும், அண்ணை.”