செர்ரி மரத்தடியில் ஒரு சொற்பொழிவு

உவேனோ பூங்காவில் செர்ரி பூத்துவிட்டால் டோக்கியோவே விரிப்போடு வந்து உட்கார்ந்துவிடும். பூ பார்க்கும் ஆபீஸ் விருந்துக்குப் பிரிவுத் தலைவர் குரிஹாரா தாமதமாகத்தான் வந்தார். மரத்தடியில் நீல விரிப்பு, கோட்டு போட்ட கூட்டம். காலணியைக் கழற்றிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தார். ஊற்றிக் கொடுத்த சாக்கே மதுவைக் குடித்துவிட்டு எழுந்து, உழைப்பு, ஒற்றுமை, உதிரும் பூ என்று ஒரு மூச்சு பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

பக்கத்திலிருந்தவர் பணிவாகக் கேட்டார்: "பிரமாதம் சார். நீங்க எந்தக் கம்பெனி?"

குரிஹாராவுக்குக் காது வரை சூடேறியது. 'தினமும் குனிந்து வணங்குகிறவர்களின் உச்சந்தலையை மட்டுமே பார்த்தால் முகம் எப்படியடா தெரியும், மடையா?' என்று தன்னையே திட்டிக்கொண்டு, காலணியைக் கையில் தூக்கியபடி ஓடினார்.

நாலு மரம் தள்ளி அவருடைய ஆட்கள் இருந்தார்கள். நடுவில் யாரோ ஒரு தலைவர் நின்று, "உழைப்பு, ஒற்றுமை..." என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"நிஷியோ, யாரும்மா இவரு?"

உதவியாளர் நிஷியோ பதறித் திரும்பினாள். "ஐயையோ சார்! பேச்சைக் கேட்டு நீங்கதான்னு நெனச்சு, நாங்க பாட்டுக்குப் பூவைப் பாத்துக்கிட்டு இருந்துட்டோம்!"