திரும்பி வந்திருக்க வேண்டிய பணம்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் கிளிஃபர்ட் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். இணையச் சூதாட்டத் தளத்தில் ஜெயித்த நாலாயிரம் வெள்ளிப் பணத்தை எடுக்க இரவே கேட்டிருந்தான். இப்போது பதில் வந்திருந்தது. பணம் போட்ட வங்கிக் கணக்குக்குத்தான் திருப்பி அனுப்புவார்களாம். ஒரு நாள் ஆகும், அதுவரை ரத்து செய்யலாம்.

அவன் போட்டதோ மனைவி ரெஜினாவின் கணக்கிலிருந்து. மகளின் பல்லுக்குக் கம்பி கட்ட அவள் சேர்த்த ஐந்நூறு வெள்ளி அது.

"நல்லதுதானே லா, காசு வீட்டுக்குத்தானே போவுது?" என்றான் பக்கத்திலிருந்த சக தொழிலாளி ஜாஹிர்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாடா. தவக்காலம் முடியிற வரைக்கும் சூதாட்டத்தைத் தொடமாட்டேன்னு கோயில்ல அவ கையைப் பிடிச்சுச் சொல்லியிருக்கேன்."

"திட்டுவா. வாங்கிக்க. நாலாயிரத்துக்கு அது சும்மா லா!"

கிளிஃபர்டுக்குத் துணிவு வரவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ரத்து செய்தான். பணம் உடனே ஆட்டக் கணக்குக்குத் திரும்பியது. கண்ணெதிரே கிடந்ததைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றபோது ஒரு வெள்ளியும் மிஞ்சவில்லை.

ரெஜினாவின் ஐந்நூறும் அதோடு போய்விட்டதால், அன்று மாலை அவளிடம் எப்படியும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.